வெட்ட வெட்ட இறுகும் இரும்பு – சர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு வாழ்க்கை வரலாறு



எடிசன், மைக்கேல் பாரடே, மேரி கியூரி பற்றியெல்லாம் நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். இந்தச் சுவரிதழில் நான் எழுதப் போவது நம் புத்தகத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி. ஆனா இவர் கண்டுபிடிச்ச இரும்பு மேலதான் நாம கோயமுத்தூர்ல இருந்து ஈரோட்டுக்கு ரயில்ல போறோம். மதுக்கரை, பல்லடம் பக்கம் கல் உடைக்கிற கிரஷர்ல பாறையைக் கடிச்சு நொறுக்குற பல்லும் இவர் கண்டுபிடிச்ச இரும்புதான். லேத் பட்டறையில் மாங்கனீஸ் ஜாப் வந்திருக்குதுன்னு சொன்னா எல்லாரும் முகத்தைச் சுளிப்பாங்க. அந்த மாங்கனீஸ் எஃகைக் கண்டுபிடித்தவர்தான் சர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு.

பிறப்பும் இளமையும்

ராபர்ட் அபாட் ஹாட்ஃபீல்டு 1858-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் ஷெஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். ஷெஃபீல்டு என்றால் கத்தி, கத்தரிக்கோல், அரம் எல்லாவற்றுக்கும் உலகப் புகழ் பெற்ற ஊர். நம்ம கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் இருப்பது போல அங்கேயும் எங்கே பார்த்தாலும் உலையும் புகைபோக்கியும்தான் இருக்கும்.

அவருடைய அப்பா பெயரும் ராபர்ட் ஹாட்ஃபீல்டுதான். அவர் 1872-இல் அந்த ஊரில் ஒரு வார்ப்பு ஆலை தொடங்கினார். எஃகை உருக்கி அச்சில் ஊற்றிப் பொருள் செய்வது அந்தக் காலத்தில் புதிய தொழில். மகனைப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வீட்டில் வசதி இருந்தது. ஆனால் மகன் போகவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தொழில் பழகப் போய்விட்டார். கொஞ்ச காலம் வேறொரு எஃகு ஆலையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு அப்பாவின் ஆலைக்கே வந்தார். சோதனை செய்து பார்க்க ஒரு சின்ன உலையும் ஆய்வுக்கூடமும் அவருக்குக் கிடைத்தன. செய்த ஒவ்வொரு சோதனையையும் நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம்.

எல்லாரும் நிறுத்திய இடம்

மாங்கனீஸ் என்பது ஒரு உலோகம். எஃகு செய்யும்போது அதைத் துளி கலந்தால் எஃகு நன்றாக இருக்கும் என்று ஷெஃபீல்டுக்காரர்களுக்கு முன்பே தெரியும். அதை அவர்களுக்குக் காட்டியவர் யார் தெரியுங்களா? ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். அவர் நம்ம பக்கத்தில் சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர்! சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திப் பார்த்தார். பிறகு இங்கிலாந்து போய் 1839-இல் எஃகில் மாங்கனீஸ் கலக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையைப் பயன்படுத்தி நல்ல லாபம் பார்த்தார்கள். ஹீத் மட்டும் கோர்ட்டு கேஸ் என்று அலைந்தார். பாவம், பலன் அவர் கைக்கு வரவில்லை.

ஆனால் அவர்கள் கலந்தது ரொம்பக் கொஞ்சம். 100 பங்கு எஃகில் 1 பங்கு கூட இருக்காது. மாங்கனீஸ் 2, 3 சதவீதத்தைத் தாண்டினால் எஃகு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கீழே போட்டாலே உடையும். அதனால் அதுக்கு மேல போகாதீங்க என்பதுதான் அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் முடிவு.

ஹாட்ஃபீல்டு மேலும் போனார். 4 சதவீதம், 5, 7 என்று கூட்டிக்கொண்டே போனார். எல்லாம் உடைந்தன. வேறு ஒருவராக இருந்தால் எல்லாரும் சொன்னது சரிதான் என்று விட்டிருப்பார். அவர் 10-ஐத் தாண்டி 12, 13 சதவீதம் வரை கலந்தார். அதோடு இன்னொரு தலைகீழான காரியமும் செய்தார். சாதாரண எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா அது கடினமாகும். நம்ம ஊர்ல அருவாள் அடிக்கிறவங்க அதைத்தானே செய்யறாங்க! இவர் செய்த புது எஃகை ஏறத்தாழ 1000 டிகிரி வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினம் குறைந்து, வளைந்து கொடுக்கும் உறுதி வந்தது. சம்மட்டியால் அடித்தாலும் உடையவில்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டு போனால் ஒட்டவும் இல்லை. பெரும்பகுதி இரும்புதான், ஆனால் காந்தத்தில் ஒட்டாத இரும்பு!

இது நடந்தது 1882-இல். அப்போது அவருக்கு வயது 24கூட முடியவில்லை. 1883-இல் காப்புரிமை பெற்றார்.

வெட்ட முடியாத இரும்பு

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அதை வைத்து என்ன செய்வது? இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது.

இந்த எஃகை லேத்தில் போட்டு டூல் வைத்தால் முதலில் சாதாரண எஃகு போலத்தான் தெரியும். டூல் உரச உரச மேல்தோல் இறுகிக்கொண்டே போகும். ஒரு சுற்றில் இருந்த கடினம் அடுத்த சுற்றில் இருக்காது, அதைவிடக் கூடியிருக்கும். கடைசியில் டூல் முனை மழுங்கிப் போகும் அல்லது உடையும். டிரில் போட்டாலும் அதே கதைதான். பிட் கொஞ்ச நேரம் உள்ளே போகும், பிறகு அதே இடத்தில் நின்று சுற்றும். நின்று சுற்றச் சுற்ற அந்த இடம் இன்னும் இறுகும்.

எண்ணிக்கையில் சொன்னால் நன்றாகப் புரியும். ஒரு உலோகத்தின் மேல் கடினமான குண்டு ஒன்றை அழுத்தி, விழும் பள்ளத்தை அளந்து கடினத்தைச் சொல்வார்கள். அதற்குப் பிரினெல் எண் என்று பெயர். மாங்கனீஸ் எஃகு புதிதாக இருக்கும்போது இந்த எண் 200 அளவில் இருக்கும். அடி வாங்கிய பிறகு அதன் மேல்தோலில் 500 வரை, சில சமயம் அதற்கு மேலும் போகும். உள்ளே மட்டும் பழைய 200-தான். அதாவது வெளியே கல் போல, உள்ளே வளைந்து கொடுக்கும் உறுதி.

ஏன் இப்படி ஆகிறது? உலோகத்துக்குள் அணுக்கள் செங்கல் அடுக்கியது போல வரிசையாக இருக்கின்றன. அடி விழும்போது ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை வழுக்குகிறது. வழுக்கிய வரிசைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நூல்கண்டு சிக்கானா இழுக்க இழுக்க முடிச்சு இறுகும் இல்லீங்களா, அது மாதிரி. சிக்கல் அதிகமானால் மேற்கொண்டு வழுக்க இடம் இருக்காது. அதைத்தான் கடினம் என்கிறோம். எல்லா உலோகத்துக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. மாங்கனீஸ் எஃகுக்கு ரொம்ப அதிகம்.

செய்து பாருங்கள்

ஒரு சாண் நீளம் செம்புக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்துங்கள். முதல் தடவை சுலபமாக மடங்கும். நிமிர்த்தும்போது அந்த இடம் மட்டும் விறைப்பாக இருப்பது விரலுக்கே தெரியும். மறுபடி மறுபடி மடக்கினால் அதே இடத்தில் ஒடிந்துவிடும். இப்போது இன்னொரு கம்பியை அதே போல மடக்கி, ஒடிவதற்கு முன் பெரியவர்களை வைத்துக்கொண்டு தீயில் காட்டி ஆறவிடுங்கள். மறுபடி மெதுவாகிவிடும். திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையத்தில் பித்தளை, செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் இதைத்தான் தொழிலாகச் செய்கிறார்கள். தட்டத் தட்டத் தகடு இறுகும். நடுவில் நெருப்பில் காய்ச்சி இளக்கிவிட்டுத்தான் மேலே தட்ட முடியும்.

குறையே குணமானது

கண்டுபிடித்துச் சில வருடங்கள் வரை மாங்கனீஸ் எஃகுக்குப் பெரிய விற்பனை இல்லை. துளை போட முடியாத, கடைய முடியாத இரும்பை யார் வாங்குவார்கள்? 1888-இல் அப்பா இறந்துவிட்டார். 30 வயதுகூட ஆகாத ஹாட்ஃபீல்டின் தலையில் முழு ஆலையின் பொறுப்பும் விழுந்தது. விற்காத சரக்கை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான் சுலபம்.

அவர் வேறு மாதிரி யோசித்தார். வெட்ட முடியவில்லை என்றால் வெட்டாமல் செய்ய வழி என்ன? பொருளைக் கடைசி வடிவத்துக்கு மிக நெருக்கமாக அச்சிலேயே வார்த்துவிடலாம். போல்ட் துளையையும் வார்ப்பிலேயே விட்டுவிடலாம். எங்கே கட்டாயம் துளை போட வேண்டுமோ அங்கே மெதுவான சாதா இரும்புத் துண்டை அச்சில் வைத்து அதைச் சுற்றி மாங்கனீஸ் எஃகை ஊற்றலாம். அந்த மெதுவான துண்டில் துளை போட்டுக்கொள்ளலாம். மிச்சம் மீதியைச் சாணைக் கல்லில் தேய்த்துச் சரி செய்யலாம். இப்படித்தான் அந்த இரும்பைக் கொண்டு பொருள் செய்தார்கள்.

பிறகு சரியான இடத்தில் கொண்டு போய் வைத்தார்கள். ரயில் தண்டவாளங்கள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் இடத்தில் சிறு இடைவெளி இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் அங்கே டங் டங் என்று மோதும். சாதாரண எஃகு சீக்கிரம் நசுங்கிவிடும். மாங்கனீஸ் எஃகு அங்கே மோத மோத இறுகியது. சக்கரங்களே அதற்குக் கடினம் ஏற்றிக் கொடுத்தன! டிராம் வண்டிப் பாதைகளிலும், கல் உடைக்கும் இயந்திரங்களிலும், ஆறு தூர் வாரும் இயந்திரத்தின் வாளிகளிலும் அது பரவியது. உடைக்க முடியாத இரும்புப் பெட்டிகளுக்கும் வாங்கினார்கள். ஏனென்றால் திருடன் டிரில் போட்டாலும் துளை விழாதே! இந்திய ரயில்வே இன்றும் கிராசிங்குகளுக்கு வார்ப்பு மாங்கனீஸ் எஃகைப் பயன்படுத்துகிறது. கிரஷரில் பாறையைக் கடிக்கும் ஜா பிளேட்டும் இதுதான்.

ஒன்று கவனிக்க வேண்டும். அடி விழுந்தால்தான் இது இறுகும். மணல் சும்மா உரசிக்கொண்டு போகும் இடத்தில் வைத்தால் இறுகாது, மற்ற எஃகு மாதிரியே தேய்ந்து போகும். எந்த இரும்பை எங்கே வைப்பது என்பதும் ஒரு அறிவுதான்.

மற்றொரு கண்டுபிடிப்பு

ஹாட்ஃபீல்டு சிலிக்கான் கலந்த எஃகையும் 1880-களில் ஆராய்ந்தார். பின்னால் வேறு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அதன் காந்தக் குணத்தை ஆராய்ந்தபோது, மின்சாரச் சாதனங்களில் வீணாகும் சக்தியை அது குறைப்பது தெரிய வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரான்ஸ்பார்மர்களில் அந்தத் தகடு வந்துவிட்டது. நம்ம தோட்டத்துக் கிணற்றில் ஓடும் பம்புசெட் மோட்டாரைப் பிரித்தால் உள்ளே ஸ்டாம்பிங் என்று மெல்லிய தகடுகளை அடுக்கியிருப்பார்கள். அது சிலிக்கான் எஃகு வகைதான். பாறைக்கும் ஹாட்ஃபீல்டு, தண்ணிக்கும் ஹாட்ஃபீல்டு!

போரும் தலைக்கவசமும்

இவர் வாழ்க்கையில் நாம் யோசிக்க வேண்டிய ஒரு பக்கமும் இருக்கிறது. இவருடைய ஆலை பீரங்கிக் குண்டுகளும் செய்தது. முதல் உலகப் போரில் (1914–1918) அது பெரிய ஆயுத ஆலை ஆனது. பல ஆயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள். அதே போரில், 1915-இல் பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு இரும்புத் தொப்பி வந்தது. முதலில் அதைச் சாதா எஃகில் செய்தார்கள். அதே ஆண்டிலேயே ஹாட்ஃபீல்டின் மாங்கனீஸ் எஃகுக்கு மாற்றினார்கள். மேலே இருந்து சிதறி விழும் குண்டுத் துண்டு தொப்பியில் பட்டால் தகடு உடையாமல் குழியும். லட்சக்கணக்கில் அந்தத் தொப்பிகள் செய்யப்பட்டன. அவருடைய மனைவி பிரான்ஸ் நாட்டில் காயம்பட்ட வீரர்களுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார்.

ஒரே ஆலை உயிரை எடுக்கும் குண்டும் செய்தது. ஒரே மனிதரின் எஃகு உயிரைக் காக்கும் தொப்பியும் ஆனது. இரும்புக்கு நல்லது கெட்டது தெரியாது, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது மனிதர் கையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தொழிலாளர் விஷயத்தில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். அந்தக் காலத்தில் ஆலைகளில் வேலை நேரம் மிகவும் அதிகம். 1890-களிலேயே தன் ஆலையில் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று கொண்டுவந்தார். இங்கிலாந்தில் முதலில் அப்படிச் செய்த சில முதலாளிகளில் அவரும் ஒருவர்.

நம் நாட்டு இரும்பைத் தேடியவர்

ஹாட்ஃபீல்டுக்குப் பழங்கால இரும்பு மேல் ரொம்ப ஆர்வம். 1912-இல் டெல்லி இரும்புத் தூணின் சிறு துணுக்கைச் சோதித்தார். அதில் 99.7 சதவீதம் இரும்பு என்று கண்டார். சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் தூண் அது. அதே ஆண்டில் இலங்கையில் சிகிரியாவில் கிடைத்த பழைய உளி ஒன்றையும் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அது சுமார் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

மைக்கேல் பாரடேயை மின்சாரத்துக்காகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் அவர் 1819-இல் நம் நாட்டு உருக்கு எஃகை ஆராய்ந்தார். அதை ஐரோப்பாவில் ஊட்ஸ் என்பார்கள். அது போல எஃகு செய்ய அவர் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். அந்தத் துண்டுகள் லண்டனில் ஒரு பெட்டியில் 100 ஆண்டுக்கு மேல் கிடந்தன. அவற்றை எடுத்துச் சோதித்து 1931-இல் பெரிய புத்தகமாக எழுதியவர் நம் ஹாட்ஃபீல்டு. நம்ம கொங்கு நாட்டில் சென்னிமலை பக்கம், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பும் எஃகும் செய்த உலைகளின் அடையாளம் கிடைத்தது. ஹாட்ஃபீல்டு உயிரோடு இருந்திருந்தால் கண்டிப்பா பார்க்க வந்திருப்பார்!

இன்று லேத் பட்டறையில்

1920-களில் ஜெர்மனியில் க்ருப் நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடில் டூல் முனை செய்து விடியா என்று பெயர் வைத்தது. வைரம் போல என்று அதற்குப் பொருள். அது வந்த பிறகுதான் இந்த இரும்பை ஓரளவாவது லேத்தில் கடைய முடிந்தது. நம்ம பட்டறைகளில் இன்றும் அந்த டிப்பை விடியா என்றுதான் சொல்கிறார்கள்.

எங்க சித்தப்பா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். இறுகும் இரும்பை எப்படிக் கடைவது என்று அவரிடம் கேட்டேன். எவர்சில்வர் வகை எஸ்.எஸ். ராடும் இதே குணம்தான், மாங்கனீஸ் அளவுக்கு இல்லை என்றார். அவர் சொன்ன வழிகள்:

1. வேகத்தைக் குறைக்க வேண்டும். இயந்திரமும் ஜாப்பும் ஆடக் கூடாது.

2. டூல் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய டூல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் இறுகும்.

3. பயந்து பயந்து மேலாகச் சுரண்டக் கூடாது. முன் சுற்றில் இறுகிய தோலுக்கு அடியில் போகும்படி ஆழம் கொடுக்க வேண்டும். அடியில் மெதுவாக இருக்கும்.

4. டூல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வழியில் ஃபீடை நிறுத்தி ஒரே இடத்தில் உரச விடக் கூடாது.

5. ஹேக்ஸா போட்டாலும் அழுத்தி, மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். பரபரவென்று தேய்த்தால் பிளேடுதான் போகும்.

எனக்கு மூன்றாவது வழிதான் ரொம்பப் பிடித்தது. பயந்து தொட்டால் இறுகுகிறது, துணிந்து உள்ளே போனால் வழி விடுகிறது. ஹாட்ஃபீல்டு 7 சதவீதத்தில் நின்றிருந்தால் உடைந்த துண்டுகள்தான் மிஞ்சியிருக்கும். 12-க்குத் துணிந்து போனதால்தான் இந்த எஃகு கிடைத்தது. நமக்குக் கணக்கும் அப்படித்தானே! தினமும் முதல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடினால், அந்தப் பாடம் நாளுக்கு நாள் கஷ்டமாகத்தான் தெரியும். ஒரு நாள் உட்கார்ந்து கடைசிக் கணக்கு வரை போய்ப் பார்க்க வேண்டும்.

பெற்ற சிறப்புகள்

1899 – ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளர் சங்கத் தலைமைப் பதவி
1904 – இரும்பு எஃகுத் துறையின் பெஸ்ஸமர் பதக்கம்
1908 – சர் பட்டம்
1909 – லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்
1917 – பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம்

பல்கலைக்கழகத்துக்குப் போகாத அவர் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தம் 81-ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் உலகம் முழுவதும் அந்த எஃகை இன்றும் ஹாட்ஃபீல்டு எஃகு என்று அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

அடுத்த முறை ரயிலில் போகும்போது தண்டவாளம் மாறும் இடத்தில் டங் டங் என்று சத்தம் கேட்டால் காது கொடுத்துக் கேளுங்கள். அடி விழ விழ அங்கே ஒரு இரும்பு இறுகிக்கொண்டு இருக்கிறது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி